பட்டறைக் கேள்வி பதில்: மடிப்பு எங்கன்னு பாத்துட்டு ஜாக்கியை எடுங்க

இந்தத் தடவை வந்த கேள்விகள்ல முக்கால்வாசி ஒரே சமாச்சாரமுங்க, வளைஞ்சுபோன இரும்பு பம்பர். மழைக்கு தோட்டத்துத் தடமெல்லாம் வழுக்குது, வண்டி மேட்டுல ஏறும்போது சறுக்கி எங்கியாவது முட்டிக்குது, அதான் காரணம்னு நெனைக்கிறேன். அதனால மத்த கேள்விய எல்லாம் அடுத்த தடவைக்குத் தள்ளி வெச்சுட்டு இதை மட்டும் முழுசாப் பேசிடலாமுங்க.

கேள்வி: அண்ணா வணக்கமுங்க. ஆனைமலைப் பக்கம் எங்க தோட்டம். பழைய மகிந்திரா தார் ஜீப்பு, முன்னாடி 4 எம்எம் தகட்டுல பொட்டியாட்ட மூடிச் செஞ்ச இரும்பு பம்பர். போன வாரம் வாய்க்கா மேட்டுல இருந்து சறுக்கி எடது பக்கம் தென்ன மரத்துல மோதிருச்சு. எடது முனை பின்னால மடிஞ்சுபோய் ஸ்டீரிங்க முழுசா ஒடிச்சா டயர் ஒரசுது, நடுவுல ஒரு பக்கம் தூக்கிட்டு நிக்குது. ஒரு பட்டறைல காயலாங்கடைக்குப் போடுங்கன்னாங்க, இன்னொரு பட்டறைல வண்டில இருக்கறப்பவே நாலு அடி அடிச்சா நேராயிரும்ங்கறாங்க. எங்கப்பா ஆசைப்பட்டு செஞ்சு மாட்டுனதுங்க, தூக்கிப்போட மனசு வரலை. காப்பாத்த முடியுமாங்க?
- ஒரு வாசகர், ஆனைமலை

பதில்: முடியுமுங்க தம்பி. மைல்டு ஸ்டீலோட கொணமே அதுதான், வளையும், ஆனா சட்டுன்னு ஒடியாது, பக்குவமாத் திருப்புனா திரும்பியும் வரும். ஆனா உங்களுக்குச் சொன்ன ரெண்டு யோசனையும் எனக்கு ஒத்து வரலை. காயலாங்கடைக்குப் போட்டா என்ன வரும்னு கணக்குப் போடுங்க, 4 எம்எம் தகடு ஒரு சதுர மீட்டர் 31 கிலோ சொச்சம் வரும், உங்க பம்பர் அதுக்குக் கொஞ்சம் முன்னப் பின்ன இருக்கும், பழைய இரும்பு வெலைக்கு அது ஒண்ணுமே இல்லை. வண்டில வெச்சே அடிக்கறது அதை விட மோசம், சம்மட்டி அடி முச்சூடும் பம்பர்ல நிக்காது, பின்னால சாசிக்கும், அதான் வண்டியோட அடி இரும்புச் சட்டம், போல்ட் ஓட்டைக்கும் போய்ச்சேரும்.

மொதல்ல பம்பரை மறந்துட்டு அதுக்குப் பின்னால பாருங்க. சாசி ரெண்டு கொம்பாட்ட முன்னால நீட்டிட்டு வந்து பம்பரைத் தாங்குதுல்லீங்களா, அந்தக் கொம்புல பெயிண்ட் சுருங்கி செதில் செதிலா எந்திரிச்சிருக்குதான்னு விரல வெச்சுத் தடவிப் பாருங்க. இரும்பு அசையாம பெயிண்ட் அப்படிச் சுருங்காது. அப்புறம் ரெண்டு ஆளு வேணும், ஒருத்தர் எடது கொம்புல பம்பர் போல்ட் ஓட்டைல டேப்பை வெச்சுப் புடிக்கோணும், இன்னொருத்தர் வலது பக்கம் சாசில பின்னால இருக்கற ஒரு ஓட்டை வரைக்கும் குறுக்க அளக்கோணும், அதே மாதிரி வலதுல இருந்து எடதுக்கும் அளந்து ரெண்டையும் ஒப்பிடுங்க. வித்தியாசம் 3 எம்எம்க்கு மேல போச்சுன்னா பம்பர் வேலையை நிறுத்திட்டு சாசி பாக்கற எடத்துக்கு வண்டியைக் கொண்டு போங்க. கோணக் கொம்புல நேரான பம்பரை மாட்டவே முடியாது, இழுத்துப் புடிச்சு மாட்டுனாலும் போல்ட் எந்நேரமும் இழுவைல நிக்கும்.

கொம்பு நல்லா இருந்தா பம்பரைக் கழட்டுங்க. பேட்டரி நெகட்டிவ் வயரை முன்னாடியே எடுத்துடுங்க, ஃபாக் லைட் ஒயரையும் புடுங்கி ஓரமாக் கட்டி வெச்சுக்குங்க. வளைஞ்ச பம்பர் போல்ட்டை ஒரு பக்கமா நெருக்கிட்டு நிக்கும், கடைசிப் போல்ட்டு வரும்போது டப்புன்னு துள்ளும், அதனால கீழ ஜாக்கியோ கட்டையோ குடுத்துத் தாங்கிட்டு, நேரா முன்னால நிக்காம பக்கவாட்டுல நின்னு கழட்டுங்க.

இப்பத்தான் வேலையே இருக்குது. பம்பரைத் தரையில போட்டு சாக்பீஸை எடுத்துட்டு மடிப்பு எங்கெங்க இருக்குதுன்னு தேடுங்க. பாக்கறதுக்கு பம்பர் முழுக்க வளைஞ்ச மாதிரிதான் தெரியும், ஆனா ஒரு முனைல இருந்து மறுமுனைக்கு நூலைக் கட்டி இழுத்துப் புடிச்சுப் பாத்தீங்கன்னா பெரும்பகுதி நேராத்தான் இருக்கும், ரெண்டு மூணு எடத்துலதான் உண்மையா மடிஞ்சிருக்கும், மத்ததெல்லாம் அந்த மடிப்பு இழுத்த இழுப்புக்குப் போய் நிக்கறது. உங்க வண்டில பம்பரைத் தாங்கற எடது பிராக்கெட் பக்கத்துல ஒண்ணும் நடுவுல ஒண்ணும் இருக்கும்னு நெனைக்கிறேன்.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்றதுக்குக் காரணம் இருக்குதுங்க. இரும்பு ஒரு தடவை மடிஞ்ச எடம் முன்னை விட இறுகிப்போயிரும். இறுகுன எடத்தைப் பச்சையா, சூடு காட்டாம ஜாக்கி வெச்சுத் தள்ளுனா அது அசையாது, பக்கத்துல மெதுவா இருக்கற எடம்தான் வளையும், பாத்துட்டு இருக்கும்போதே ஒரு வளைவு ரெண்டு வளைவாகி பம்பர் பாம்பு நெளிஞ்ச மாதிரி ஆயிரும். பட்டறைக்கு ‘எவ்வளவு அடிச்சும் வரலைங்க’ன்னு கொண்டு வர்ற பம்பர்ல பாதி இப்படித்தான் வருது, மரத்துல மோதுனது ஒரு மடிப்பு, அதுக்கப்புறம் மனுசன் பண்ணுனது நாலு மடிப்பு.

அதனால சூடு மடிப்புக்கு மட்டும்தான் காட்டோணும். அதுக்கு முன்ன பெயிண்ட்டைக் கிரைண்டர்ல எடுத்துடுங்க. துத்தநாக முலாம் போட்ட பம்பரா இருந்தா சூடு படற எடத்துலயும் சுத்தியும் அதை முழுசா எடுத்துட்டு காத்தோட்டமான எடத்துல வேலை செய்ங்க, அந்த வெள்ளைப் புகையை இழுத்தா அன்னிக்கு ராத்திரியே குளிர் காய்ச்சல் அடிக்கும். இன்னொரு விசயம், எல்லாப் பக்கமும் மூடுன பொட்டியைச் சூடு பண்ணாதீங்க, உள்ள இருக்கற காத்து விரிஞ்சு வெடிக்கறதுக்கு வாய்ப்பிருக்குது, பின்பக்கம் ஒரு ஓட்டையாவது போட்டுட்டுத்தான் கேஸ் நெருப்பைக் கிட்டக் கொண்டு போகோணும்.

பம்பரை எதுல வெச்சு நிமித்தறதுன்னா, எங்க பட்டறைல பழைய லாரி சாசித் துண்டு ஒண்ணைத் தரையோட போல்ட் போட்டு வெச்சிருக்கேன். நேரா இருக்கற பகுதியை அதுல சி கிளாம்ப் போட்டு இறுக்கிட்டு, மடிஞ்ச முனைக்குக் கீழ 10 டன் பாட்டில் ஜாக்கியை வெச்சு, மேல செயினைக் கட்டிடுவோம். ஜாக்கித் தலை பட்டு தகட்டுல குழி விழுகாம இருக்க நடுவுல 10 எம்எம் பிளேட் துண்டு ஒண்ணு. மொதல்ல கடைசியா உண்டான மடிப்பை எடுக்கோணும், மோதுன வரிசைக்குத் தலைகீழா வரோணும். எது கடைசின்னு யோசிச்சுப் பாத்தா தெரியும், மரம் மொதல்ல பட்டது முனைல, முனை தாங்காமப் பின்னால போனப்பத்தான் நடு தூக்கியிருக்கும், அப்ப நடுவுல இருந்துதான் ஆரம்பிக்கோணும்.

மடிப்புக்கு நெருப்பைக் காட்டி நெழல்ல வெச்சுப் பாத்தா மங்கலா செவப்பு தெரியற அளவு போதும், சுமாரா 600 டிகிரி. அதைத் தாண்டி ஆரஞ்சு, மஞ்சள்னு போகாதீங்க, தகடு மெலிஞ்சு குழையும். பகல் வெயில்ல இரும்பு செவந்ததே கண்ணுக்குத் தெரியாது, அதனால கொட்டாய்க்குள்ள வெச்சுத்தான் இந்த வேலை. நீல நெறம் வர்ற சூட்டுல, ஒரு 300 டிகிரி பக்கம், வளைக்கவும் வேண்டாம் அடிக்கவும் வேண்டாம், அந்தச் சூட்டுல இரும்பு சொன்ன பேச்சு கேக்காது, கீறல் விட்டுரும். செவப்புல தள்ளுங்க, செவப்பு போயிருச்சுன்னா நிறுத்துங்க, மறுபடியும் சூடு பண்ணுங்க. ஜாக்கிய ஒரே மூச்சுல அமுக்காம ரெண்டு அமுக்கு, நூலைப் புடிச்சு ஒரு பார்வை, மறுபடியும் ரெண்டு அமுக்குன்னு போகோணும். நூலைத் தாண்டி ஒரு விரக்கடை அதிகமாவே தள்ளுங்க, ஜாக்கியை எறக்குனதும் அது கொஞ்சம் திரும்பி வரும், எவ்வளவு வருதுன்னு மொத மடிப்புல தெரிஞ்சுபோகும், ரெண்டாவதுக்கு அந்தக் கணக்கு போதும். சூடு ஆறுற வரைக்கும் ஜாக்கியை எறக்காதீங்க.

உங்களுது பொட்டி பம்பர்ங்கறதால இன்னொரு வேலையும் இருக்குது. நீளம் நேராயிரும், ஆனா மரம் பட்ட எடத்துல முன் தகடு குழிஞ்சே நிக்கும், உள்ள கை போகாது. பின் தகட்டுல, வெளிய தெரியாத எடத்துல, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ஜன்னல் வெட்டுங்க, மூலைய கூர்மையா வெட்டாம வட்டமா வெட்டோணும், கூர் மூலைலதான் பின்னால கீறல் ஓடும். அந்த ஜன்னல் வழியா உள்ள ஒரு தடி ராடை விட்டுக் குழியோட ஓரத்துல இருந்து சுத்திச் சுத்தி நடுவுக்கு வந்து தட்டுங்க, எடுத்த எடுப்புல நடுவுல அடிச்சீங்கன்னா தகடு நீண்டு போய் உப்பிக்கும், அதை எறக்கறது குழியை எடுக்கறதை விடக் கஷ்டம். வேலை முடிஞ்சதும் வெட்டுன துண்டையே வெச்சு வெல்டு பண்ணிடலாம்.

தகடு பொடவைக் கொசுவமாட்ட ஒண்ணு மேல ஒண்ணு மடிஞ்சு போயிருந்தா மட்டும் அந்த எடத்தை நிமித்தப் பாக்காதீங்க. அந்தத் துண்டை வெட்டி எடுத்துட்டு அதே 4 எம்எம்ல புதுத் துண்டு வெச்சு, ஓரத்தை ரெண்டு பக்கமும் சாய்வாக் கிரைண்ட் பண்ணி, மொதல்ல நாலு எடத்துல டேக், அதான் பொட்டுப் பொட்டா வெல்டு, அடிச்சு நூல் புடிச்சுப் பாத்துட்டு அப்புறமா முழு வெல்டு ஓட்டுங்க. ஒரே பக்கமா ஓட்டிட்டே போனீங்கன்னா வெல்டிங் இழுத்து மறுபடியும் கோணிக்கும், அங்க ஒரு எஞ்சு இங்க ஒரு எஞ்சுன்னு மாத்தி மாத்திப் போடோணும்.

மாட்டும்போது பழைய போல்ட்டை எடுத்து வெச்சிடுங்க, எல்லாமே புதுசு, தலைல பலத்தைக் காட்டற எண் 8.8 இல்லைன்னா 10.9ன்னு அடிச்சதா, ஏற்கெனவே இருந்த அதே ரகமா வாங்கி மாட்டுங்க. ஸ்டீரிங்க ரெண்டு பக்கமும் முழுசா ஒடிச்சு, ஒரு பக்கச் சக்கரத்தைக் கட்டை மேல ஏத்தி ஸ்ப்ரிங்க அமுக்கியும் பாருங்க, சமதரைல ஒரசாத டயரு வரப்பு ஏறும்போது ஒரசும். அப்பா மாட்டுன பம்பர் இன்னும் ரொம்ப வருசம் ஓடட்டுங்க தம்பி.

கேள்வி: ஏனுங்க, பம்பருல செயினைக் கட்டி புளியமரத்துல மாட்டி வண்டியை ரிவர்ஸ் எடுத்தா நிமிந்துரும்னு பக்கத்துத் தோட்டத்துக்காரர் சொல்றாரு. டிராக்டர்ல இழுத்தாலும் வரும்ங்கறாரு. செஞ்சு பாக்கட்டுங்களா?
- தாராபுரம் வாசகர்

பதில்: வேண்டவே வேண்டாமுங்க. செயின் அறுந்தா எந்தப் பக்கம் வரும்னு யாராலயும் சொல்ல முடியாது, கண்ணாடிய ஒடைச்சிட்டு ஓட்டறவரு மூஞ்சிக்கே வரலாம், பக்கத்துல வேடிக்கை பாக்கற குழந்தைக்கும் வரலாம். அறுகாம இழுத்தாலும் எங்க இழுத்து எங்க நிறுத்தறதுன்னு உங்க கைல இல்லை, கிளட்ச்சை விட்ட வேகத்துக்கு சாசிக் கொம்புதான் பதில் சொல்லோணும். மேல ஆனைமலைக்காரருக்குச் சொன்ன பாட்டில் ஜாக்கி வேலைய ஒரு சாயங்காலம் ஒதுக்கிப் பாருங்க. ஜாக்கி ஒரு அமுக்குக்கு கடுகளவுதான் நகரும், அந்தக் கடுகளவுலதான் வேலை நிக்குது.

கேள்வி: எங்க ஊருக் கொல்லுப்பட்டறைல அருவாளக் காய்ச்சித் தண்ணில தோய்க்கறாங்க, அப்பத்தான் கெட்டியாகும்ங்கறாங்க. பம்பரையும் காய்ச்சி நிமித்துனதும் தண்ணி ஊத்துனா கெட்டியாகுமுங்களா?
- கோபி வாசகி

பதில்: நல்ல கேள்வி கேட்டீங்க அம்மிணி, இதுல எனக்கே பட்ட காயம் ஒண்ணு இருக்குது. அருவாளுக்கு வாய் கெட்டியா இருக்கோணும், அதுக்குக் கார்பன் கூடுன இரும்பை எடுத்துத் தோய்ப்பாங்க, தோய்ச்சதுக்கப்புறம் திருப்பி எளஞ்சூடு காட்டிப் பதம் பாப்பாங்க. பம்பருக்குக் கெட்டித்தனம் வேண்டாம், மோதுனா வளைஞ்சு குடுக்கற கொணம்தான் வேணும்.

நான் தொழில் ஆரம்பிச்ச புதுசுல ஒரு மகிந்திரா எம்எம் 540 ஜீப்பு வந்துச்சு. பம்பர் வளைஞ்சது கொஞ்சந்தான், அதைத் தாங்கற பிராக்கெட்தான் முறுக்கிட்டு நின்னுச்சு. பொழுதோட வண்டி வேணும்னு அவசரம், அதனால பிராக்கெட்டைச் செவக்கக் காய்ச்சி நிமித்திட்டு, ஆறட்டும்னு காத்திருக்காம ஒரு பக்கெட் தண்ணிய எடுத்து ஊத்திட்டேன். பாக்க அழகா நேரா இருந்துச்சு. ஒரு மாசங்கூட ஆகலை, வால்பாறை மலைல சேத்துல மாட்டுன இன்னொரு வண்டியை இழுக்கப் போயி அந்த பிராக்கெட் பீங்கான் ஒடைஞ்ச மாதிரி ரெண்டா ஒடைஞ்சிருச்சு. அந்த மலைல 40 கொண்டை ஊசி வளைவு இருக்குது, எறக்கத்துல வெச்சு ஒடைஞ்சிருந்தா என்ன ஆயிருக்கும்னு இன்னிக்கும் நெனைச்சாப் பதறுது. நல்லவேளை யாருக்கும் அடி இல்லை. ஒடைஞ்ச துண்டை வாங்கிப் பாத்தப்பத்தான் தெரிஞ்சுது, அது மைல்டு ஸ்டீலே இல்லை, யாரோ பழைய லாரிப் பட்டாவை வெட்டி பிராக்கெட்டாப் போட்டிருக்காங்க. பட்டா ஸ்ப்ரிங் இரும்பு, அதைக் காய்ச்சித் தண்ணி ஊத்துனா கெட்டியாகி மொறுமொறுன்னு ஆயிரும்.

அதுல இருந்து எந்த பிராக்கெட் வந்தாலும் மொதல்ல ஒரு ஓரத்தைக் கிரைண்டர்ல லேசாத் தொட்டு தீப்பொறியைப் பாப்பேன். மைல்டு ஸ்டீல்னா பொறி நீளநீளமாக் கோடு போட்டுட்டு ஓடும், நுனில அங்கொண்ணும் இங்கொண்ணுமாத்தான் பிரியும். பட்டா இரும்புன்னா கோடு குட்டையாகி நுனி எல்லாம் மத்தாப்பூவாட்டப் பூத்துப் பூத்து வெடிக்கும். கைல ஒரு தெரிஞ்ச மைல்டு ஸ்டீல் துண்டை வெச்சுட்டு ரெண்டையும் மாத்தி மாத்திப் பாத்தா சின்னப் பையனுக்குக்கூட வித்தியாசம் தெரியும். பூத்துச்சுன்னா அதைக் காய்ச்சவும் வேண்டாம், வெல்டு பண்ணவும் வேண்டாம், புதுசா மைல்டு ஸ்டீல் பிளேட்ல வெட்டிப் போட்டுருங்க. எந்த இரும்பா இருந்தாலும் ஆறுறதைக் காத்துக்கே விட்டுருங்க அம்மிணி, தண்ணி வேண்டாம், ஃபேன்கூட வேண்டாம்.

கேள்வி: பம்பரை நிமித்தியாச்சு, பெயிண்ட்டும் அடிச்சாச்சு. அதுலயே வண்டி இழுக்கற கொக்கியும், கம்பியைச் சுத்தி இழுக்கற வின்ச்சும் இருக்குது. இப்ப இழுக்கலாமா?
- நாமக்கல் வாசகர்

பதில்: பெயிண்ட் அடிக்கறதுக்கு முன்ன கேட்டிருக்கோணுமுங்க. நேராத் தெரியறதும் பலமா இருக்கறதும் ஒண்ணில்லை. 9500 பவுண்டு வின்ச்சுன்னா சுமாரா 4300 கிலோ இழுவை, அந்த இழுவை முழுக்க வின்ச் பிளேட்லயும் அதோட வெல்டுலயும்தான் வந்து நிக்கும். உங்க வின்ச் பிளேட் மோதுனப்ப வளைஞ்சிருந்தா அதை நிமித்துனது எனக்கு ஒப்புதல் இல்லை, அந்த ஒரு பிளேட்டை மட்டும் வெட்டிட்டுப் புதுசு வையுங்க. கொக்கியும் அப்படித்தான், வளைஞ்ச கொக்கியை நிமித்தி இழுவைக்கு வெக்கவே கூடாது, ஒரு கொக்கி வெலை ஒரு உசுருக்கு ஈடாகுமாங்க.

வளையாம இருந்துச்சுன்னா வெல்டு ஓரத்துல கீறல் இருக்குதான்னு பாக்கோணும். அந்த எடத்துல மட்டும் பெயிண்ட்டை எடுத்துட்டு சாய ஸ்ப்ரே அடிச்சுப் பாக்கற முறை இருக்குது, கோயம்புத்தூர்ல வெல்டிங் சாமான் விக்கற கடைகள்ல கேட்டாக் கெடைக்கும், மூணு டப்பா. மொதல்ல கிளீனர் போட்டுத் தொடைச்சுட்டு, செவப்புச் சாயத்தை அடிச்சு ஒரு 10 நிமிசம் விட்டு, துணியால மேலாப்புல சுத்தமாத் தொடைச்சு, அப்புறம் வெள்ளை டெவலப்பரை மெல்லிசா அடிக்கோணும். கீறல் இருந்தா வெள்ளைல செவப்பு நூலாட்டக் கோடு எந்திரிச்சு வரும். நான் மொதத் தடவை பாத்தப்ப, வெறுங்கண்ணுக்கு வழவழன்னு இருந்த எடத்துல ரெண்டு எஞ்சு நீளத்துக்குச் செவப்புக் கோடு வந்து நின்னுச்சு. பம்பர் தகட்டுல அப்படி வந்தா கோடு முடியற ரெண்டு முனைலயும் 3 எம்எம் ஓட்டை போட்டுட்டு, கீறலை வி வடிவத்துல தோண்டி எடுத்து, 7018ங்கற வெல்டிங் ராடுல வெல்டு பண்ணுங்க. அந்த ராடு ஈரம் புடிச்சிருக்கக் கூடாது, அடுப்புல வெச்சுக் காய வெச்சுத்தான் எடுக்கோணும். கொக்கி வெல்டுலயோ வின்ச் பிளேட் வெல்டுலயோ கோடு வந்தா மேல மேலப் பூசாதீங்க, கழட்டிட்டு மாத்துங்க.

கேள்வி: வண்டி முன்னாடி காவலுக்குப் பைப்புல செஞ்சு மாட்டுன புல்பார் வளைஞ்சு போச்சு. நிமித்திக் குடுப்பீங்களா?
- ஈரோடு வாசகர்

பதில்: பைப்பை நிமித்தறதுக்கு வழி இருக்குது, உள்ள நல்லாக் காஞ்ச மணலை அடைச்சு ரெண்டு பக்கமும் மரக்கட்டை ஆப்பு வெச்சுட்டு சூடு பண்ணி வளைச்சா பைப்பு நசுங்காம வரும், மணல்ல ஈரம் இருந்தா நீராவி ஆப்பைத் தெறிக்க விட்டுரும், அதனால மணலை வாணலில வறுத்துத்தான் அடைக்கோணும். ஆனா உங்க புல்பாரை நான் நிமித்திக் குடுக்க மாட்டேனுங்க. 2017 டிசம்பர்லயே மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் எல்லா மாநிலத்துக்கும் கடுதாசி போட்டு, புல்பார் கிராஷ் கார்டு எல்லாம் மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவுக்கு விரோதம், நடவடிக்கை எடுங்கன்னு சொல்லியிருக்குது. சட்டத்தை விடுங்க, நடந்து போற மனுசன் மேல பட்டா அந்தப் பைப்பு எலும்பை நேரா ஒடைக்கும். ஏர்பேக் இருக்கற வண்டில முன்னாடி சென்சாருக்கு அடி போய்ச்சேர்ற கணக்கும் மாறிப்போகும். ஈரோட்டு டிராஃபிக்ல ஓடற வண்டிக்கு கம்பெனி பம்பர் போதும், திருப்பி அதையே மாட்டிக்குங்க. ஆனைமலைத் தம்பிக்கும் இது சேத்துத்தான், தோட்டத்துக்குள்ள ஓடற வண்டிங்கறதாலதான் அவ்வளவு வெவரம் சொன்னேன், அந்த பம்பரோட ரோட்டுக்கு வந்தா சோதனைல நிறுத்துவாங்க, இன்சூரன்ஸ்லயும் கேள்வி வரும்.

கேள்வி: நிமித்துன எடத்துல மட்டும் மூணு மாசத்துல துரு ஏறுது, என்ன பெயிண்ட் அடிக்கறது?
- சத்தியமங்கலம் வாசகர்

பதில்: பெயிண்ட் மேல குத்தமில்லைங்க. காய்ச்சுன எடத்துல கருப்பாச் சொரசொரன்னு ஒரு தோல் இருந்திருக்கும், அதைச் சுரண்டாம மேலயே அடிச்சிருப்பீங்க, அது உரியும்போது பெயிண்ட்டையும் சேத்துட்டு வந்துரும். ஒயர் பிரஷ்ஷையும் கிரைண்டரையும் போட்டு வெள்ளி மாதிரி ஆகற வரைக்கும் எடுத்துட்டு, தின்னர்ல தொடைச்சு, அன்னிக்கே எபாக்சி பிரைமர் அடிச்சிடுங்க, ஒரு ராத்திரி விட்டாக்கூடப் பனில துரு பூத்துரும். பொட்டி பம்பரா இருந்தா உள்பக்கமும் வெந்திருக்கும், கீழ ரெண்டு தண்ணி வடியற ஓட்டை போட்டுட்டு உள்ள மெழுகு கலந்த துரு எண்ணெயை ஸ்ப்ரே பண்ணி விடுங்க. பவுடர் கோட்டிங் குடுக்கறதா இருந்தா எண்ணெய் விடறதை அதுக்கு அப்புறம் வெச்சுக்குங்க, அங்க அடுப்புல 180, 200 டிகிரி வரைக்கும் காட்டுவாங்க, உள்ள எண்ணெய் இருந்தா வழிஞ்சு வந்து கோட்டிங் புடிக்காது.